தெருவில் நின்றவர்கள்

அடிமைத்தனத்தையும் விடுதலையையும் பற்றிப் பேசாத இலக்கியம் உலகில் எம்மொழியிலும் இல்லை என்று கூறலாம். கொடுமை செய்தவனைப் பற்றியும் கொடுமைக்கு ஆளானவனைப் பற்றியும் நாம் இளமை முதற்கொண்டே கதைகள் கேட்டு வளர்கிறோம். அக்கதைகளைக் கேட்கும்பொழுதெல்லாம் நம் மனம் கொடுமைக்கு ஆளானவரின் அருகில் சென்று அமர்ந்துகொள்கிறது. அவர் அழுதால் நாமும் அழுகிறோம். அவர் வென்றால் நாமும் மகிழ்கிறோம். ஆனால், அவர் அருகில் அமர நமக்குத் தகுதி உண்டா என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. அவ்வாறு எண்ணிப் பார்க்கும்படி என்னைச் செய்தது ஒரு தமிழ்க் காவியம். அது மகாகவி பாரதியார் இயற்றிய ‘பாஞ்சாலி சபதம்’ ஆகும்.

அக்காவியத்தின் கதையை நான் முதன்முதலாக அறிந்தது நூலின் வழியாக அன்று, தெருக்கூத்தின் வழியாக. எங்கள் ஊர்த் திரௌபதியம்மன் திருவிழாவில் இரவு முழுவதும் கூத்து நடைபெறும். துகிலுரிதல் கூத்து நடக்கும் இரவில் ஊரே திரண்டு வந்து அமர்ந்திருக்கும். துச்சாதன வேடம் புனைந்தவர், திரௌபதி வேடத்தினரின் சேலையைத் தொடுவதற்கு முன்னர்க் கற்பூரம் ஏற்றிக் கைகூப்பி வணங்குவார். “தாயே, இது வேடம், பிழை பொறுத்தருள்க” என்று அவர் வேண்டிக்கொள்ளும்போது, கூடியிருந்த பெண்கள் கண்ணீர் வடிப்பார்கள். பாட்டியின் மடியில் படுத்திருந்த நானும் அழுவேன். துரியோதனன் கெட்டவன், துச்சாதனன் அவனினும் கெட்டவன், பாஞ்சாலி பாவம். அக்காலத்தில் நான் அறிந்த பொருள் அவ்வளவே.

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போதுதான் பாரதியாரின் காவியம் எனக்கு அறிமுகமாயிற்று. எங்கள் தமிழாசிரியர் நூலைத் திறப்பதற்கு முன்னரே அது பிறந்த காலத்தை எங்களுக்கு விளக்கினார். “ஒரு பாட்டின் பொருளை அறிய வேண்டுமாயின், அது எந்தக் காற்றில் பிறந்தது என்று முதலில் கேளுங்கள்” என்பது அவர் அடிக்கடி கூறும் அறிவுரை.

1908-ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் ஆங்கில அரசினரால் தண்டிக்கப்பட்டுச் சிறை புகுந்தனர். ‘இந்தியா’ என்னும் வார இதழில் விடுதலைக் கருத்துகளை எழுதி வந்த பாரதியார், அவ்வாண்டிலேயே பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குச் சென்று தங்கினார். 1918-ஆம் ஆண்டு வரையில் அவர் அங்கேயே வாழ்ந்தார். வறுமையும் ஒற்றர்களின் காவலும் அவரை விடாமல் தொடர்ந்தன. அந்தப் புதுச்சேரி வாழ்வின் இடையில், 1912-ஆம் ஆண்டில், பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் வெளிவந்தது. இரண்டாம் பாகமோ 1924-ஆம் ஆண்டில்தான் அச்சேறியது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, 1921-ஆம் ஆண்டில், கவிஞர் மறைந்துவிட்டார். தம் காவியம் முழுமையும் அச்சில் வந்ததை அவர் காணவில்லை. 1947-ஆம் ஆண்டில் நாடு பெற்ற விடுதலையையும் அவர் காணவில்லை.

இவ்வரலாற்றைக் கேட்டபின், கூத்தில் நான் கண்ட திரௌபதி வேறு உருவம் கொண்டு என்முன் நின்றாள். அவையிலே மானம் இழந்து நிற்பவள் பாரத நாடே என்று எனக்குத் தோன்றிற்று. நாட்டைப் பற்றி நேராகப் பாடினால் அரசினர் பறிமுதல் செய்வர். பாரதியார் மறைந்து ஏழு ஆண்டுகள் ஆன பின்னரும், 1928-ஆம் ஆண்டில், பர்மா அரசின் ஆணையைப் பின்பற்றிச் சென்னை அரசினர் அவருடைய தேசியப் பாடல் நூல்களைக் கைப்பற்றினர். அதனைக் கண்டித்துச் சட்டசபையில் சத்தியமூர்த்தி வாதாடினார். இறந்துபோன கவிஞரின் ஏட்டுக்கு ஓர் அரசு அஞ்சிய காலம் அது! அத்தகைய காலத்தில், மக்கள் அனைவரும் அறிந்த பழங்கதை ஒன்றினுள் தம் நெஞ்சின் கனலைப் பொதிந்து வைத்தார் கவிஞர். பழைய கதை புதிய பொருளைச் சுமந்து வந்தது.

இதனை அறிந்ததும், ஒரு பூட்டைத் திறக்கும் சாவி கையில் கிடைத்தது போன்ற மகிழ்ச்சி எனக்கு உண்டாயிற்று. உடனே நான் ஒரு பட்டியல் எழுதினேன். பாஞ்சாலி நம் நாடு; துரியோதனன் ஆங்கில அரசு; சகுனி அவ்வரசின் சூழ்ச்சி; சபதம் விடுதலைப் போராட்டம். எழுதிய தாளை ஆசிரியரிடம் பெருமையுடன் காட்டினேன். அவர் அதனைப் படித்துவிட்டு, “தருமனை எங்கே காணோம்?” என்று கேட்டார்.

நான் விடை கூற இயலாமல் நின்றேன். அவர் நூலை எடுத்துச் சூதாட்டச் சருக்கத்தைப் படிக்கச் செய்தார். தருமன் தன் நாட்டையே பணயமாக வைக்கும் இடம் அது. அவ்விடத்தில் பாரதியார் கதையை நிறுத்திவிட்டுத் தாமே பேசத் தொடங்குகிறார். பூசை செய்பவன் கோயிற் சிலையை விற்பதும், வாயிலைக் காப்பவன் வீட்டைப் பணயம் வைத்து இழப்பதும் எத்தகைய செயல்களோ, அத்தகைய செயல் இது என்று தருமனைக் கடிந்துகொள்கிறார். நாட்டு மக்களைத் தம்மைப் போன்ற மனிதர்களாகக் கருதாமல், மந்தை ஆடுகளாக அரசர்கள் கருதிவிட்டனர் என்று வருந்துகிறார்.

“துரியோதனன் அபகரித்தான் என்பது உண்மை. ஆனால், காக்க வேண்டியவனே தோற்றான் என்பதும் உண்மை. நீ எழுதிய பட்டியலில் பகைவனின் குற்றம் இருக்கிறது. நம்மவர் குற்றம் இல்லை. நமக்கு வசதியான பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை விட்டுவிடுவது படிப்பு ஆகாது” என்றார் ஆசிரியர்.

அன்று நான் ஓர் உண்மையைக் கற்றேன். இலக்கியத்திற்கு உட்பொருள் காண்பது நல்லது. ஆயினும், நாம் கண்ட பொருளை நூலின் ஒவ்வோர் அடியும் சோதிக்க இடந்தர வேண்டும். நூல் நம் கருத்துக்கு இணங்கவில்லையெனில், திருத்திக்கொள்ள வேண்டியது நம் கருத்தையே ஆகும்.

அச்சோதனையைத் தொடர்ந்து செய்தபோது, பாஞ்சாலியை நாட்டின் உருவமாக மட்டும் காண்பதும் போதாது என்று விளங்கிற்று. அவள் ஒரு பெண். பெண்ணாகவே அவள் அவையில் கேள்வி கேட்கிறாள். தன் கணவன் தன்னைத் தோற்றுவிட்ட பின்னர் அடிமையாகிவிட்டான். அடிமையாகிய ஒருவனுக்கு மற்றொருவரைப் பணயம் வைக்க உரிமை ஏது என்பதே அவள் கேள்வி. அதற்கு மூத்தோராகிய வீடுமர் கூறும் விடை நம்மைத் திகைக்க வைக்கிறது. பண்டைக் காலத்தில் ஆணும் பெண்ணும் நிகராக இருந்தனர் என்றும், பின்னர் வந்த நூல்கள் அதனை மாற்றிவிட்டன என்றும், இக்கால வழக்கின்படி மனைவியை விற்கவும் கணவனுக்கு உரிமை உண்டு என்றும் அவர் கூறுகிறார். நடப்பது அநீதி என்று அவர் அறிவார். எனினும் தடுக்கும் ஆற்றல் தமக்கு இல்லை என்று சொல்லி அமர்ந்துவிடுகிறார்.

கற்றவர் ஒருவர், தம் கல்வி முழுவதையும் கொடுமைக்கு உறையாகப் போர்த்திவிடும் காட்சி இது. பாஞ்சாலி அவருக்கு விடை கூறாமல் விடவில்லை. சீதையைச் சிறைவைத்த பின்னர் இராவணன் தன் அவையோரைக் கேட்டபோது, அவர்கள் ‘தக்கதே செய்தீர்’ என்று உரைத்தது போல இருக்கிறது உங்கள் நீதி என்னும் கருத்துப்பட அவள் உரைக்கிறாள். நாட்டுக்கு விடுதலை வேண்டிய கவிஞர், வீட்டுக்குள் இருக்கும் அடிமைத்தனத்தையும் அதே காவியத்தில் வைத்துக் காட்டியிருக்கிறார். ஒரு விடுதலையை வேண்டுபவன் மற்றொரு விடுதலையை மறுக்கலாகாது என்பதே அதன் கருத்து.

இவ்வாறெல்லாம் கற்றுத் தேர்ந்த நான், காவியத்தை முற்றும் அறிந்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். நான் அறியாத பொருள் ஒன்று எஞ்சியிருந்தது. அதனை எனக்கு உணர்த்தியவன் என் வகுப்பு மாணவன் ஒருவன்.

அவன் ஓர் ஏழை நெசவாளியின் மகன், வகுப்பில் கடைசிப் பலகையில் அமர்பவன், அதிகம் பேசாதவன். ஒரு நாள் மாலையில் எங்கள் பள்ளி அறிவியற் கூடத்தில் இருந்த தராசு ஒன்று கீழே விழுந்து உடைந்துவிட்டது. அன்று அக்கூடத்தைத் துடைத்து வைக்க வேண்டிய முறை அந்த மாணவனுடையது. ஆதலின் பழி அவன் மேல் விழுந்தது. உண்மையில் அதனை உடைத்தவன் வேறொருவன். ஊரில் செல்வாக்கு மிக்க ஒருவரின் மகன். விளையாட்டாகத் தராசைத் தூக்கிய அவன் கை தவறியதைச் சன்னலின் அருகே நின்ற நாங்கள் நால்வர் கண்டோம். நால்வரும் வாய் திறக்கவில்லை.

ஏன் பேசவில்லை என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன். யாரும் எங்களை அச்சுறுத்தவில்லை. ‘மற்ற மூவரில் ஒருவர் சொல்லட்டுமே’ என்று நான் எண்ணினேன். மற்ற மூவரும் அவ்வாறே எண்ணியிருப்பர். நெசவாளியின் மகன் மூன்று நாட்கள் வகுப்புக்கு வெளியே நின்றான். தராசின் விலையை அவன் தந்தை கட்டினார். அவன் அழவில்லை, யாரிடமும் முறையிடவும் இல்லை. எனக்கு உள்ளம் வருந்தியது. ‘ஐயோ பாவம்’ என்று என் நண்பர்களிடம் பலமுறை கூறினேன். அவ்வாறு கூறியதனால் என் கடமை தீர்ந்ததாகவும் எண்ணிக்கொண்டேன்.

சில வாரங்கள் கழிந்தன. பாஞ்சாலி சபதத்தில் சபதச் சருக்கம் பாடமாக வந்தது. துச்சாதனன் பாஞ்சாலியின் கூந்தலைப் பற்றித் தெருவழியே இழுத்துச் செல்கிறான். ஊர் மக்கள் இருபுறமும் நின்று பார்க்கின்றனர். ‘என்ன கொடுமை’ என்று புலம்புகின்றனர். அவ்விடத்தில் பாரதியார் துச்சாதனனை விட்டுவிட்டு அம்மக்களின் பக்கம் திரும்புகிறார். அவர் சினம் முழுவதும் அவர்கள்மேல் பாய்கிறது. அக்கொடியவனைத் தரையில் வீழ்த்திவிட்டு அவளை அந்தப்புரத்திற்கு மீட்டுச் செல்லாமல், உயரமான மரங்களைப் போல நின்று அழுது என்ன பயன் என்று கேட்கிறார்.

இப்பகுதியைப் பற்றிக் கட்டுரை எழுதி வருமாறு ஆசிரியர் பணித்தார். நான் இரவெல்லாம் விழித்து எழுதினேன். கோழைகள் என்றும், உணர்ச்சியற்றவர்கள் என்றும், அவர்கள் கண்ணீர் வெறும் நீர் என்றும் அந்த ஊராரை வன்மையாகச் சாடினேன். மறுநாள் ஆசிரியர் என் கட்டுரையைப் பாராட்டி, “தம்பி, நீ எழுதியதை நீயே எல்லோரும் கேட்கப் படி” என்றார்.

எழுந்து நின்று உரத்த குரலில் படிக்கத் தொடங்கினேன். வகுப்பு அமைதியாகக் கேட்டது. ‘அநீதியைக் கண்டும் வாய் திறவாமல் நிற்பவன்’ என்னும் தொடருக்கு வந்தபோது, தற்செயலாக நிமிர்ந்து பார்த்தேன். கடைசிப் பலகையிலிருந்து நெசவாளியின் மகன் என்னை நோக்கிக்கொண்டிருந்தான். அவன் கண்களில் சினம் இல்லை. மற்றவர்களைப் போலவே அவனும் கேட்டுக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். ஆனால், அதற்கு மேல் என்னால் ஒரு சொல்லும் படிக்க இயலவில்லை. தாளில் இருந்த ஒவ்வொரு சொல்லும் என்னைப் பற்றியே எழுதப்பட்டதாகத் தோன்றியது. நான் இத்தனை நாளும் பாஞ்சாலியின் அருகில் நிற்பதாக எண்ணியிருந்தேன். உண்மையில் அத்தினாபுரத்துத் தெருவில் அல்லவா நின்றிருக்கிறேன்!

வகுப்பு முடிந்ததும் வேப்பமரத்தடியில் அவனைக் கண்டு, “அன்று தராசை உடைத்தது யார் என்று எனக்குத் தெரியும். நான் சன்னலருகே நின்றிருந்தேன்” என்றேன்.

“தெரியும். நீங்கள் நின்றதை நானும் பார்த்தேன்” என்றான் அவன்.

இத்தனை வாரங்களாக அவன் அதனை அறிந்திருந்தும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் நேரே ஆசிரியரிடம் சென்று நடந்ததனைத்தையும் கூறினேன். அவர் என்னைத் தலைமையாசிரியரிடம் அழைத்துச் சென்றார். மற்ற மூவரும் வரவழைக்கப்பட்டனர். நான் பேசிய பின்னர் அவர்களும் பேசினர். தந்தை கட்டிய பணம் திரும்பக் கொடுக்கப்பட்டது. ஆனால், அந்த மாணவன் வகுப்புக்கு வெளியே நின்ற மூன்று நாட்களை எவராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. காலம் கடந்து வந்த உண்மை, கடனில் ஒரு பகுதியையே தீர்க்கிறது.

அன்று மாலை ஆசிரியர் என்னிடம் அதிகம் பேசவில்லை. “விகர்ணனின் பகுதியை இன்று வீட்டில் படித்து வா” என்று மட்டும் கூறினார்.

விகர்ணன் துரியோதனனுக்கு உடன்பிறந்தவன். வயதிலும் புகழிலும் அவையிலுள்ள பெரியோர்க்கு அவன் ஈடாகான். பெரியோர் பலர் தலை கவிழ்ந்து இருந்தபோது, அவ்விளையவன் எழுந்து தன் தமையனின் அவையிலேயே ‘இது முறையன்று’ என்று உரைக்கிறான். கன்னன் அவனை இகழ்ந்து அடக்குகிறான், கொடுமையும் நின்றபாடில்லை. ஆதலின் விகர்ணன் பேச்சு வீண் என்று சிலர் கருதுவர். நானும் அவ்வாறே கருதியிருந்தேன். ஆனால், அன்றிரவு படித்தபோது, முன்பு என் கண்ணில் படாத ஒரு செய்தி பட்டது. விகர்ணன் பேசியதைக் கேட்டபின், அதுவரை வாளா இருந்த அரசர் சிலர் எழுந்து, இது கொடுமை என்றும் இப்பழியை உலகம் மறவாது என்றும் கூறத் தொடங்கினர். ஒருவன் வாய் திறந்ததனால் வேறு சிலரும் வாய் திறந்தனர். சன்னலருகே நின்ற நால்வரிடையே நான் கண்டதும் இதுவே அன்றோ? மௌனம் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவது போலவே, துணிவும் தொற்றுகிறது.

காவியத்தை அதன்பின் பலமுறை படித்திருக்கிறேன். அது வெற்றியோடு முடிவதில்லை என்பதை எண்ணி வியந்திருக்கிறேன். பாரதப் போர் அதில் இல்லை. துரியோதனன் வீழ்வதும் இல்லை. வீமனும் விசயனும் பாஞ்சாலியும் செய்யும் சபதங்களோடு காவியம் நிறைவு பெறுகிறது. விடுதலையைக் காணாத ஒரு கவிஞர், விடுதலையைக் காணாத மக்களுக்குப் பாடிய பாட்டு அவ்வாறுதான் முடிய வேண்டும் போலும். எஞ்சியதை நடத்த வேண்டியவர்கள் படிப்பவர்களே என்று அவர் விட்டுச் சென்றிருக்கிறார் என நான் கொள்கிறேன். 1949-ஆம் ஆண்டில் பாரதியார் நூல்களின் உரிமையைச் சென்னை மாகாண அரசே பெற்றது. பின்னர் அவை மக்கள் அனைவர்க்கும் பொதுவாயின. ஒரு காலத்தில் அரசு கைப்பற்றிய பாடல்கள் இன்று எவர் கையிலும் தடையின்றித் தவழ்கின்றன. அவற்றை வைத்திருத்தல் இன்று எளிது. அவை நம்மைக் கேட்கும் கேள்விக்கு விடை கூறுதல்தான் அரிது.

மாணவர்களே! விடுதலையையும் அடிமைத்தனத்தையும் பாடும் நூல்களை நீங்கள் இன்னும் பல படிப்பீர்கள். நம் நாட்டு நூல்களும் பிற நாட்டு நூல்களும் உங்கள் கைக்கு வரும். அவை எழுந்த காலத்தை அறியுங்கள். அவற்றின் உட்பொருளைத் தேடுங்கள். தேடிக் கண்ட பொருளை நூலைக் கொண்டே சோதியுங்கள். இவை மூன்றும் செய்தபின், நூலை மூடுவதற்கு முன்னர், இக்கதையில் நான் எங்கே நிற்கிறேன் என்று ஒருமுறை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். துச்சாதனனாக நம்மில் பெரும்பாலோர் இரோம், பாஞ்சாலியாகவும் இரோம். தெருவில் நிற்பவர்களாகவே பெரும்பாலும் இருப்போம். ஆனால், தெருவில் நிற்பவன் என்றும் அங்கேயே நிற்க வேண்டும் என்னும் விதி இல்லை. ஓர் அடி முன்னே எடுத்து வைத்து, ‘இது முறையன்று’ என்று சொல்லும் உரிமை எவருக்கும் உண்டு. அதனைச் சொல்ல வேண்டிய வேளையிலேயே சொல்லக் கற்பிப்பது இலக்கியக் கல்வியின் பயன்களுள் தலையாயது.